மூக்குச் சீர்

ஏனுங் தம்பி, எதுக்கு இப்படி மூக்கப் பொத்தறீங்க? நாத்தமுங்களா? அட, அப்பக் காரணம்பேட்டை தாண்டிட்டமாட்ட இருக்குது. இங்க ரெண்டு பக்கமும் கோழிப்பண்ணைங்க. சன்னலச் சாத்திக்கோங்க, எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல. தொறந்து வெச்சாலும் இல்ல. எனக்கு வாசமே தெரியாதுங்க. சாக்கடையும் சந்தனமும் நமக்கு ஒண்ணுதான். நூறு கோழிப்பண்ணை சேந்து வந்தாலும் என்னய ஒண்ணும் பண்ண முடியாது.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க, நல்லாச் சிரிங்க. இன்னிக்கு நானே சிரிச்சுட்டுத்தான் வர்றேன். கேஸுல ஜெயிச்சுட்டனுங்க தம்பி! ஆமாங்க, இந்த நாச்சிமுத்து கேஸுல ஜெயிச்சுட்டான். காலைல தீர்ப்பு. கண்டக்டருக்குக் கூடச் சொல்லிட்டேன். டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு "பின்னால போங்க, பின்னால போங்க"ன்னுட்டாரு. அவருக்கு வேலை.

முன்னால, பொம்பளைங்க சீட்டுல, பச்சைச் சேலை கட்டிட்டு வெளிய பாத்துட்டு உக்காந்திருக்கறா பாருங்க, அது எம்பட சம்சாரம், தெய்வானை. சிங்காநல்லூர்ல ஏறுனதுல இருந்து ஒரு வார்த்தை பேசல. கேஸுல ஜெயிச்ச அன்னிக்குப் பக்கத்துல உக்கார மாட்டேங்கறா. பொம்பளைங்க மனசு யாருக்குத் தெரியுமுங்க?

என்ன கேஸுன்னு கேக்க மாட்டீங்களா? மூக்குக் கேஸுங்க. சொத்துக் கேஸு கேட்டிருப்பீங்க, அடிதடிக் கேஸு கேட்டிருப்பீங்க. மூக்குக் கேஸு கேட்டிருக்கீங்களா? எம்பட மூக்குல ஒரு ஓட்டை இருக்குதுங்க. எல்லாருக்கும் ரெண்டு ஓட்டை, எனக்கு மூணு. ரெண்டுக்கும் நடுவுல சுவரு மாதிரி ஒண்ணு இருக்குமில்லீங்களா, தொட்டுப் பாருங்க, ஆங், அதுதான். அதுல எனக்கு ஓட்டை. ஒரு நூல இந்தப் பக்கம் உட்டு அந்தப் பக்கம் எடுத்துருவேன். நூலு இருந்தா இப்பவே காட்டுவேன். வேண்டாமுங்களா? சரி, வேண்டாம்.

எப்படி வந்துச்சுன்னா, நான் முலாம் கம்பெனில வேலை. கணபதிப் பக்கம். சைக்கிள் ஹேண்டில்பாரு, பாத்ரூம் குழாய், கிரைண்டர் மூடி, இதெல்லாம் மொகம் பாக்கற மாதிரிப் பளபளங்குதில்லீங்களா, குரோம் முலாமுங்க அது. செவசெவன்னு தொட்டில மருந்து இருக்கும். சாமானத் தொங்க உட்டுக் கரண்டக் குடுத்தா, மருந்து பொங்கிப் பொங்கி மஞ்சப் பொகை எழும்பும். அந்தத் தொட்டிக்கு நான்தான் மாஸ்டரு. கோயமுத்தூர்ல நீங்க எந்தக் குழாயத் தொறந்து கை கழுவியிருந்தாலும் அதுல எம்பட கை இருக்குதுன்னு வெச்சுக்கோங்க.

பொகைய உறிஞ்சறதுக்குத் தொட்டிக்கு மேல ஒரு ஃபேனு இருந்துச்சு. இல்லைன்னு சொல்லக் கூடாது. ஆனா ஓடுனா லாரியாட்டக் கத்தும். எங்க மொதலாளி கந்தவேலு மத்தியானம் சித்த கண்ணசருவாருங்க. பாவம், மனுசன் காலைல இருந்து போன்லயே பேசிட்டிருப்பாரு. நாங்களே நிறுத்தி வெச்சுக்குவோம். அப்புறம் ஒருக்கா அதுல குருவி கூடு கட்டிருச்சு. குருவியக் கலைக்கலாமுங்களா? பாவமில்ல? ஃபேனப் போடறதயே உட்டுட்டோம். மறு வருசம் அந்தக் குருவி வரல. ஏன்னு தெரியலீங்க.

மொதலாளி ரூமுக்கு மட்டும் கண்ணாடிக் கதவு, ஏசி. அவருக்கு அந்தப் பொகை ஒத்துக்காதுங்க. ஒடம்பு பூஞ்சை. நாங்கல்லாம் உழைக்கற கட்டை, கர்ச்சீப்ப மூஞ்சில கட்டிட்டு நின்னுருவோம். அதுவும் மொதல் நாலஞ்சு மாசத்துக்குத்தான். அப்புறம் கர்ச்சீப்பு எதுக்குங்க, வேர்க்குது.

சேந்த கொஞ்ச நாள்ல தும்மலு. அப்புறம் மூக்குல பொருக்குக் கட்டும், ரத்தம் வரும். கையில அங்கங்க குழிப்புண்ணு. பாருங்க, இந்த வெரலு, இந்த வெரலு. ஒரு நாளு மொகங் கழுவறப்பப் பாத்தா மூக்கு தெறந்திருக்கும். வலியே இருக்காது. சத்தியமா வலிக்காதுங்க. மூக்கு தெறந்தாத்தான் எங்க கம்பெனில மதிப்பு. தெறக்காதவன் எத்தனை வருசம் இருந்தாலும் அவன் கழுவற ஆளுதான், சுமக்கற ஆளுதான். தெறந்துட்டான்னா மாஸ்டரு. அதுக்கு ஒரு சீரே நடத்துவோமுங்க.

சீருன்னா சீரு. காதுகுத்துக்கு என்ன உண்டோ அத்தனையும் உண்டு. மூக்கு தெறந்தவனுக்கு மாலை போட்டு, பெரியவன் ஒருத்தன் தாய்மாமனா மணையில உக்காந்து, இவனை மடியில உக்கார வெச்சுக்குவான். நாப்பது வயசு ஆளு, மீசை வெச்சவன், மடியில! நினைச்சுப் பாருங்க. மஞ்ச நூல ஒரு மூக்குல உட்டு மறு மூக்குல எடுத்து முடிச்சுப் போடுவோம். எல்லாரும் விசிலு. தும்முனா இன்னுமே விசிலு. அந்தச் சிரிப்ப நான் வேற எங்கியும் சிரிச்சதில்லீங்க தம்பி. கண்ணுல தண்ணி வந்துரும். மருந்துக்கும் வரும், சிரிப்புக்கும் வரும், எது எதுன்னு தெரியாது.

எனக்குத் தெறந்தப்ப ஒரு சிக்கலு. எங்கம்மாகூடப் பொறந்தவங்க யாருமில்ல. கூட வேலை செய்யற மயில்சாமி, "நான் மாமனா உக்காந்துக்கறேன்"ன்னான். அப்பக் கண்ணாடிக் கதவு தெறக்குதுங்க. மொதலாளி வர்றாரு. "டேய், நாச்சிமுத்துக்கு நான்தான்டா மாமன்"ங்கறாரு! நான் ஓடிப் போயி மணையத் தொடச்சுப் போட்டேன். வெறுமனே வந்து உக்காந்தாருன்னு நெனைக்காதீங்க. ஒன்பது தட்டுச் சீரு. தேங்கா பழம் ஒண்ணு, வேட்டி சட்டை ஒண்ணு, லட்டு ஒண்ணு, இப்படி ஒன்பது தட்டு. மத்தியானம் எல்லாருக்கும் பிரியாணி. சொந்த மாமன் செய்வானுங்களா? எம்பட மச்சாங்காரன், தெய்வானையோட அண்ணன், எம் புள்ள காதுகுத்துக்கு மூணு தட்டு வெச்சான். அதுல ஒண்ணு வெறும் பூவு.

இதயெல்லாம் மயில்சாமி செல்லுல வீடியோப் படம் புடிச்சான். மூக்கு விசேசமில்லீங்களா, அதனால எம்பட மூக்கயே கிட்டத்துல புடிச்சுட்டான். மொதலாளி கழுத்துக்குக் கீழதான் தெரிவாரு. ஒரு சட்டை, ஒரு மடி, ரெண்டு கை. அவ்வளவுதான்.

கேஸுக்கு வர்றேன். அவசரப்படாதீங்க, பல்லடம் இன்னும் வரல.

ஒரு நாளு தெய்வானை ரேசன் கடைக்குப் போயிருந்தா. அடுப்புல பாலு. நான் பக்கத்துலயே உக்காந்து பேப்பரு படிச்சுட்டிருக்கறேன். பாலு பொங்கி அடுப்பு அணைஞ்சிருக்குது, சிலிண்டரு கேஸு வந்துட்டே இருந்திருக்குது. எனக்கு என்ன தெரியுது? சொகமா ஒரு பீடிய வாயில வெச்சு, தீப்பொட்டியத் தெறந்து குச்சிய எடுத்தனுங்க. வாசல்ல இருந்து ஓடியாந்தா பாருங்க, அரிசிப் பையத் தூக்கி எறிஞ்சுட்டு ஒரு அறை! தீப்பொட்டிய அறஞ்சாளா என்னய அறஞ்சாளான்னு இன்னி வரைக்கும் தெரியல. ரெண்டும் மூலையில போய் உளுந்துச்சு. ஊடு பூராவும் அரிசி. எனக்குச் சிரிப்பு தாங்கல. அவ மட்டும் தரையில உக்காந்துட்டு, செதறுன குச்சிய ஒவ்வொண்ணா ஒடைச்சுப் போடறா.

மறு நாளே பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா. மூக்கு டாக்டரு ஒரு சின்னப் பொண்ணுங்க. இந்தப் பக்கம் டார்ச் அடிச்சா அந்தப் பக்கம் வெளிச்சம் வருது. படிக்கற டாக்டருங்களயெல்லாம் கூப்பிட்டுக் காட்டுச்சு. எனக்கு ஒரே சந்தோசம். கட்டுப் போடற நூல வாங்கி உட்டு எடுத்துக் காட்டுனேன். ஒருத்தரும் சிரிக்கல. அந்த டாக்டரம்மா நூல எங்கையில இருந்து மெதுவா வாங்கி வெச்சுட்டு, "அண்ணா, இது வித்தையில்ல, இது தொழில் நோயி. இதுக்குச் சட்டத்துல நஷ்டஈடு இருக்குது, போய்க் கேளுங்க"ன்னுச்சு. அப்புறம் இன்னொண்ணும் சொல்லுச்சு. அந்தப் பொகை மூக்கோட நின்னிருக்காது, நெஞ்சுக்கும் போயிருக்கும், வேலைய உட்டாலும் பல வருசம் கழிச்சுக்கூட நோவு தலைகாட்டும், வருசா வருசம் படம் எடுத்துப் பாத்துக்கோணும், பீடியத் தொடவே கூடாதுன்னு. நான் சரிங்க சரிங்கன்னேன். எனக்கு மொதல்ல சொன்னதுலயே நின்னுருச்சுங்க மனசு. எம்பட மூக்கு ஓட்டைக்குச் சட்டத்துல எடம் இருக்குதாம்! டில்லில பெரிய பெரிய ஆளுங்க உக்காந்து நம்ம மூக்கப் பத்திப் பேசி எழுதி வெச்சிருக்கறாங்க! எங்கப்பன் காலத்துல நடக்குமுங்களா இது?

வக்கீலம்மா இன்பவல்லியத் தெய்வானைதான் கண்டுபுடிச்சா. வக்கீலம்மா சொன்னாங்க: "உங்க கம்பெனில ஆளு கம்மி, அதனால ஈஎஸ்ஐ கெடையாது. தொழிலாளர் ஆபீஸுல நஷ்டஈட்டுக் கமிஷனரு இருக்கறாரு, அவருகிட்ட மனுப் போடலாம். நோவு தெரிஞ்சு ரெண்டு வருசத்துக்குள்ள போடோணும். குரோம் நோவு சட்டத்துலயே இருக்குது, ஆறு மாசம் அந்த வேலைல இருந்தாப் போதும். ஆனா நீங்க அங்க வேலை செஞ்சீங்கன்னு காட்டோணும்." அங்கதானுங்க முட்டுச்சு. சம்பளம் கையில. கையெழுத்தும் இல்ல, அடையாளச் சீட்டும் இல்ல. நோட்டீஸு போன அன்னிக்கே என்னய வேலைக்கு வர வேண்டாமுன்னுட்டாங்க.

ஆனா மொதலாளி என்னயவும் தெய்வானையவும் ஊட்டுக்குக் கூப்பிட்டு எல போட்டுச் சோறு போட்டாருங்க. அத மறக்கக் கூடாது. சாப்பிட்டதும் ஒரு தாள நீட்டுனாரு. "நாச்சிமுத்து, உனக்கு மூக்குப்பொடிப் பழக்கம் இருந்து அதனால ஓட்டை உளுந்துச்சுன்னு இதுல போட்டிருக்குது. ஒரு கையெழுத்துப் போடு, திங்கக்கெழமையே தொட்டிக்கு வந்துரு"ன்னாரு. நான் மூக்குப்பொடியே போட்டதில்லீங்க. போட்டாலும் இந்தப் பக்கம் போட்டா அந்தப் பக்கம் வந்துருமே! சொன்னேன், அவரும் சிரிச்சாரு. மனுசன் ஆசையாக் கேக்கறாரு, பாயசம் வேற குடிச்சாச்சு, பேனாவ எடுத்துட்டேன். தெய்வானை அந்தப் பேனாவப் புடுங்கி ரவிக்கைக்குள்ள சொருகிட்டா! மொதலாளி எப்படிக் கேப்பாரு? வெலை கூடுன பேனா. இன்னி வரைக்கும் திருப்பிக் குடுக்கல. ஊட்டுக்குப் போற வழியெல்லாம் என்னயத் திட்டுனா. "உன்னய ஓட்டை போட்டவன் ஊட்டுல ரெண்டாந்தரம் பாயசம் வாங்கிக் குடிக்கற"ன்னா. பாயசம் நல்லா இருந்துச்சுங்க, நாக்குல இனிப்பு தெரியுதே.

போன மாசம் விசாரணை. மொதலாளி எனக்கு நேரெதுக்க நிக்கறாரு. "இந்த ஆளு யாருன்னே தெரியாது, பழைய இரும்பு கேட்டு ரெண்டு தடவை வந்திருப்பாரு"ங்கறாரு. அப்பக்கூட எனக்குக் கோவம் வரலீங்க. வக்கீலு எழுதிக் குடுத்தத ஒப்பிக்கறாரு, தடுமாறிருவாரோன்னு எனக்குத்தான் பதட்டம்.

வக்கீலம்மா அந்தப் படத்தப் போட்டுக் காட்டுனாங்க. விசிலு சத்தம், மாலை, மடி, மஞ்ச நூலு. அங்கிருந்த குமாஸ்தாவெல்லாம் சிரிச்சுட்டாங்க. விசாரிக்கற ஆபீசரும் சிரிச்சுட்டு, "என்னங்க, காதுகுத்தா?"ன்னாரு. "இல்லீங்க சார், மூக்குங்க. தொட்டிப் பொகைல தானாத் தெறந்துச்சுங்க"ன்னேன். அவரு சிரிப்ப நிறுத்திட்டு மறுபடியும் மொதல்ல இருந்து போடச் சொன்னாரு.

மொதலாளியோட வக்கீலு எந்திரிச்சாரு. "இது எங்க எடுத்ததுன்னே தெரியல. மடியில வெச்சிருக்கறவரு மொகமே இல்ல. இது என் கட்சிக்காரர் இல்ல"ன்னுட்டாரு. வக்கீலம்மா கோவிக்கவே இல்லீங்க. அமைதியா, "ஒத்துக்கறேன். இது கூலிக்கார மயில்சாமி மடியா இருக்கும். ஒன்பது தட்டுச் சீரும் அந்த மயில்சாமிதான் வெச்சிருப்பாரு. பாவம், ஏழை, ஆனா பெரிய மனசு"ன்னாங்க.

அவ்வளவுதானுங்க தம்பி! மொதலாளிக்கு மூஞ்சி செவந்துருச்சு. "எவன் வெச்சான்? மயில்சாமியா? அவன் ஒரு வெத்தல வெச்சானா? ஒன்பது தட்டும் நான் வெச்சதுங்க சார்! எட்டு வருசம் என் தொட்டில நின்னவனுக்கு நான் செய்யாம எவன் செய்வான்? பிரியாணி ஆரு போட்டதுன்னு அவனயே கேளுங்க!" அவரோட வக்கீலு சட்டையப் புடிச்சு இழுக்கறாரு, இவரு உக்கார மாட்டேங்கறாரு. நான் எந்திரிச்சு, "ஆமாங்க சார், அவருதானுங்க போட்டாரு, மட்டன் பிரியாணி"ன்னேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்களா? ஆபீசரு எழுதிட்டே, "எட்டு வருசம், நல்லது, அப்புறம்?"ங்கறாரு. எனக்கு அடக்கவே முடியல. சிரிச்சுச் சிரிச்சு மூக்குல ரத்தமே வந்துருச்சு. அதயும் ஆபீசரு பாத்துக்கிட்டாரு.

இன்னிக்குத் தீர்ப்பு. நஷ்டஈடு குடுக்கோணும், அங்க வேலை செய்யற எல்லாருக்கும் ஒடம்பு பாக்கோணும், தொட்டியப் பாக்க இன்ஸ்பெக்டரு போகோணும். மயில்சாமி போன்ல அழுகறான், "நானும் மனுப் போடலாமா மாஸ்டரு?"ன்னு. போடுடா, ரெண்டு வருசத்துக்குள்ள போடுன்னேன். சட்டமெல்லாம் இப்ப எனக்கு மனப்பாடம். வெளிய வந்தா மொதலாளி வராந்தால நிக்கறாரு. "சாப்பிட்டியா நாச்சிமுத்து?"ன்னாரு. பாத்தீங்களா மனுசன! தெய்வானை பதில் சொல்ல உடாம இழுத்துட்டு வந்துட்டா.

அங்கிருந்து நேரா பெரியாஸ்பத்திரி. போன வாரம் நெஞ்சப் படம் எடுத்தாங்க, அத வாங்கப் போனோம். இதக் கேளுங்க, இதுதான் விசேசம். நெஞ்சுல ஒரு நெழலு இருக்குதாமுங்க. வலது பக்கம். திங்கக்கெழமை படுக்கையில சேந்து, சித்தச் சதையெடுத்துப் பாக்கோணுமாம். நெஞ்சு டாக்டரு அதச் சொல்லிட்டு என்னயப் பாக்காம மேசையவே பாக்கறாரு. நான் வெளிய வந்த ஒடனே வக்கீலம்மாவுக்குப் போன் போட்டேன். "ஏனுங்கம்மா, நெஞ்சுல நெழலு வந்தா அதுக்கும் மனுப் போடலாமுங்களா?"ன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கமுன்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. அப்புறம், "போடலாங்கண்ணா. பொகைனாலதான் வந்துச்சுன்னு நிரூபிக்கோணும், நான் பாத்துக்கறேன். நீங்க மொதல்ல திங்கக்கெழமை போய்ச் சேருங்க"ன்னாங்க. ரெண்டாவது கேஸு! ஒரே நாள்ல ஒரு கேஸு முடிஞ்சு மறு கேஸு! கோயமுத்தூர்ல எவனுக்கு இருக்குதுங்க இந்த யோகம்?

என்னங் தம்பி, பேச்சக் காணோம்? இத்தனை நேரம் நல்லாச் சிரிச்சுட்டு வந்தீங்க.

சித்த இப்படி வாங்க, காதக் குடுங்க. எனக்கு வெளங்காமயா? டாக்டரு சொல்றப்ப நானும் அங்கதானுங்க நின்னேன். அவரு மேசையப் பாத்தாரு, தெய்வானை அவரையவே பாத்தா, நான் ரெண்டு பேரையும் பாத்தேன். பயமா இருக்குதுங்க. அவ ஏன் எம்பக்கத்துல உக்காரலைன்னும் தெரியும். உக்காந்தா ஒடைஞ்சுருவா. அவ நாலு பேரு முன்னால அழுத பொம்பளையில்ல. பல்லடத்துல அவங்க அக்கா வந்து நிக்கறா, அங்க எறங்கி ஊட்டுக்குள்ள போயி வேணுங்கற மட்டும் அழுகட்டும். அது வரைக்கும் நான் வாய மூடக் கூடாதுங்க. எம்பட சத்தம் பின்னால கேட்டுட்டே இருந்தா, அவ ஒடையாம அப்படியே உக்காந்திருப்பா.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க தம்பி. நான் என்னமோ பெரிய வேடிக்கை சொன்ன மாதிரி ஒருக்காச் சத்தமாச் சிரிங்க. ஆங். அதுக்கும் மேல, இன்னுஞ் சத்தமா, அவ காதுல உளுகோணும்.

அதுதானுங்க. உடாதீங்க, சிரிங்க. திரும்பிப் பாக்கறா.